கடைமடைக்காரர் என்ன சொல்வார்?

சென்ற மாதப் பதில் ஒன்றில், ‘யோக்கியமாக இருப்பதற்குச் சாமி கும்பிட்டே ஆகவேண்டும் என்பதில்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்கள் என் மேசையில் ஒரு சாண் உயரத்துக்குக் கிடக்கின்றன. பாராட்டு கொஞ்சம், வசவு கொஞ்சம், மிச்சம் உண்மையான கேள்விகள். ஆகவே தென்னை வாடல் நோய், பட்டா மாறுதல், மருமகளின் கைபேசி பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பேராசிரியன் அல்லன், சாமியாரும் அல்லன். கோதையாற்றுப் பாசனக் கால்வாய்களில் 32 ஆண்டுகள் தண்ணீர் திறந்தும் அடைத்தும் வேலை பார்த்தவன். எனக்குத் தெரிந்த தத்துவமெல்லாம் மடையடியில் படித்ததுதான்.

கேள்வி: நான் கோயிலுக்குப் போகிறவள். கணவர் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர். பதினைந்து ஆண்டுகள் சண்டையில்லாமல் ஓடிவிட்டன. இப்போது எட்டாம் வகுப்பு படிக்கும் மகன், ‘இரண்டு பேரும் வேறுவேறு சொல்கிறீர்கள், எனக்கு இரண்டும் வேண்டாம்’ என்கிறான். அதுகூடப் பரவாயில்லை. ‘சாமி பார்க்கவில்லை என்றால் நான் ஏன் திருடக் கூடாது?’ என்று கேட்கிறான். என்ன சொல்வது?
வாசகி, வில்லுக்குறி

பதில்: பையன் திருடிவிட்டு வந்து கேட்கவில்லை. திருடுவதற்கு முன்னால் காரணம் கேட்கிறான். அதற்கு முதலில் சந்தோஷப்படுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்று இரவு உங்கள் சாமி கனவில் வந்து, ‘பக்கத்து வீட்டு அம்மாவின் வளையலை எடுத்துக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்’ என்றால் எடுப்பீர்களா? மாட்டீர்கள். ‘வந்தது என் சாமியே இல்லை, ஏதோ பேய்’ என்பீர்கள். கணவரைக் கேட்டால், சாத்தான் வந்து பேசினான் என்பார். ஆக, வந்தது சாமியா பேயா என்று அளந்து பார்க்க ஒரு படி உங்கள் இருவர் கையிலும் முன்பே இருக்கிறது. அதைக் கோயில் தந்ததா, சபை தந்ததா, உங்கள் அம்மா தந்தாரா என்பதெல்லாம் அப்புறம். இரண்டு படியும் ஒரே அளவுதான் என்பதை மகனிடம் சொல்லுங்கள். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்சில் சாக்ரடீஸ் இதே முடிச்சைத்தான் போட்டார்: தெய்வத்துக்குப் பிடித்திருப்பதால் ஒன்று நல்லதாகிறதா, அல்லது நல்லதாக இருப்பதால் தெய்வத்துக்குப் பிடிக்கிறதா? கேட்கப்பட்ட மனிதர் அவசர வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார். நீங்களாவது எனக்குக் கடிதம் எழுதினீர்கள்.

‘உன் பொருளை ஒருவன் எடுத்தால் உனக்கு எப்படி இருக்கும்?’ என்று அவனிடம் கேட்கலாமே என்பார்கள். கேளுங்கள். ஆனால் அது பாதிப் பதில்தான். அது பாதி என்பதை நான் வாய்க்காலில் கண்டேன். வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் வைத்திருக்கும் தலைமடைக்காரர் தண்ணீரை மறித்தால், கடைசியில் இருக்கும் கடைமடைக்காரரின் பயிர் காயும். கடைமடைக்காரர் தலைமடைக்காரரை என்ன செய்யமுடியும்? ஒன்றும் செய்யமுடியாது. தண்ணீர் மேலே ஏறி ஓடாதே. ‘நீ அவன் இடத்தில் இருந்தால்’ என்று தலைமடைக்காரரிடம் சொன்னால், ‘நான் அந்த இடத்தில் இல்லையே’ என்று சிரிப்பார். என்னிடமே சிரித்திருக்கிறார்கள்.

பிறகு எப்படித்தான் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது? ஊர்கூடி வாய்க்கால் வெட்டுகிற நாளில் இதற்கு விடை தெரியும். கன்னிப்பூவுக்கு (முதல் போக நெல்லுக்கு) அணை திறக்கும் முன், மண்ணும் பாசியும் அடைத்துக் கிடக்கிற வாய்க்காலைச் சுத்தம் செய்தாகவேண்டும். தலைமடையில் இருக்கும் நாலு பேர் அதைச் செய்து முடிக்க முடியாது. கடைமடையிலிருந்து நாற்பது மண்வெட்டிகள் வந்தால்தான் முடியும். தண்ணீர் கொடுக்காதவனுக்கு எவன் வந்து மண் வாருவான்? 2009-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினாரே எலினோர் ஆஸ்ட்ரம் (அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்), நேபாளத்து வாய்க்கால்களை ஆராய்ந்து அவர் எழுதியதும் இதுதான். தலைமடையில் நிரந்தரமாகக் கான்கிரீட் கட்டி, கடைமடைக்காரரின் உழைப்புத் தேவையில்லை என்று ஆனதும் கடைமடைக்குப் போகும் தண்ணீரும் குறைந்ததாம். செய்தித்தாளில் இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. நமக்குத் தெரிந்ததைச் சொல்லி ஒருவர் நோபல் வாங்கியிருக்கிறார்.

ஆகவே உங்கள் மகனுக்கு உபதேசம் செய்யாதீர்கள். அவன் யார் யாரை நம்பி நாளை ஓட்டுகிறான் என்று காட்டுங்கள். மூலையிலிருக்கிற பெட்டிக்கடைக்கு அனுப்புங்கள். மேல்தட்டில் இருக்கிற நோட்டை எடுக்கக் கடைக்காரர் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். கைக்கு எட்டும் தூரத்தில் மிட்டாய்ப் பாட்டில்கள் திறந்திருக்கும். சாமி பார்ப்பதால் அல்ல, கடைக்காரர் பார்க்காமல் திரும்பி நிற்பதால்தான் திருடக் கூடாது என்று சொல்லிப் பாருங்கள். பையன் கெட்டிக்காரன், பிடித்துக்கொள்வான்.

கேள்வி: நாகர்கோவில் பக்கத்தில் புதிதாக வந்த எங்கள் குடியிருப்பில் 46 வீடுகள். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், அய்யாவழி என்று எல்லோரும் இருக்கிறோம். எதுவும் வேண்டாம் என்பவர்களும் இரண்டு மூன்று பேர் உண்டு. அனைவருக்கும் பொதுவாக, எந்த மதத்தின் பெயரும் வராமல், 14 ஒழுக்க விதிகள் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எந்த இறைவணக்கத்துடன் தொடங்குவது என்ற தகராறில் முதல் கூட்டமே நின்றுவிட்டது.
சங்கச் செயலர், பார்வதிபுரம்

பதில்: பதினான்கையும் படித்தேன். ‘உண்மையே பேசுவோம்’, ‘ஒருவரையொருவர் மதிப்போம்’, ‘அன்பு செலுத்துவோம்’. ஐயா, இவற்றை மறுக்கிற ஆள் 46 வீட்டிலும் இருக்கமாட்டார். கடைப்பிடிக்கிற ஆளும் இருக்கமாட்டார். மடையே வைக்காத வாய்க்கால் இது. பார்வைக்கு நீளமாக இருக்கும், ஒரு வயலும் நனையாது.

உங்கள் கஷ்டம் பெரியவர்களும் பட்ட கஷ்டம்தான். விவேகானந்தர் 1892 டிசம்பரில் நம் குமரிமுனைப் பாறையில் தவம் இருந்துவிட்டு, மறு ஆண்டு சிகாகோ சர்வசமய மாநாட்டுக்குப் போனார் அல்லவா? நூறு ஆண்டு கழித்து, 1993-இல், அதே சிகாகோவில் மறுபடி மாநாடு கூடியது. ஹான்ஸ் குங் என்ற சுவிட்சர்லாந்து இறையியலாளர் முன்னின்று வரைந்த உலகப் பொது அறநெறி அறிக்கையை அங்கே வெளியிட்டார்கள். வன்முறை செய்யாமை, நியாயமான பொருளாதாரம், வாய்மையும் சகிப்பும், ஆண் பெண் சமத்துவம் என்று நான்கு உறுதிமொழிகள். கூடியவர்கள் மதத் தலைவர்கள். ஆனாலும் கடவுளின் பெயரால் என்று தொடங்கவில்லை. பௌத்தர்களும் கையெழுத்துப் போட வேண்டுமே! நல்ல அறிக்கைதான். அதைக் கேள்விப்பட்ட ஒருவரை வடசேரிச் சந்தையில் தேடிப் பிடித்துக் கொண்டுவாருங்கள், நான் உங்களுக்கு ஒரு தார் மட்டிப்பழம் வாங்கித் தருகிறேன்.

எனக்குப் பிடித்தது வேறோர் ஊர். ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் எட்டு வாய்க்கால்களின் உழவர்களுக்கு ஒரு தண்ணீர்ப் பஞ்சாயத்து உண்டு. பல நூற்றாண்டுப் பழக்கம் அது. 2009-இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வியாழக்கிழமைதோறும் நண்பகலில், உழவர்கள் தேர்ந்தெடுத்த உழவர்களே நீதிபதிகளாக உட்காருவார்கள். வக்கீல் கிடையாது. விசாரணை முழுக்க வாய்ப்பேச்சு. எங்கே உட்காருவார்கள் தெரியுமா? பேராலயத்தின் வாசலில், கதவுக்கு வெளியே. ஒரு காலத்தில் அந்த இடத்தில் பள்ளிவாசல் இருந்தது. அது தேவாலயம் ஆனபின் முஸ்லிம் உழவர்கள் உள்ளே வரத் தயங்கினார்கள், அவர்களுக்காகத்தான் பஞ்சாயத்து வாசலுக்கு வந்தது என்று அங்கே சொல்வார்கள். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆலயத்தை யாரும் இடிக்கவில்லை, யாரும் மதம் மாறவில்லை. நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான்.

ஆக, கூட்டத்தை மோட்டார் அறைக்கு வெளியே போடுங்கள். வேண்டுகிறவர்கள் வீட்டிலேயே வேண்டிக்கொண்டு வரட்டும்.

எதைப் பேசுவது? உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில், முக்கியமில்லாத விஷயம்போல எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுங்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் போட்டதும் முதல் வரிசை வீடுகளில் தொட்டி நிரம்பித் தெருவில் ஓடுகிறது. கடைசி வரிசை எட்டு வீடுகளுக்குக் காலை ஏழு மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர் இல்லை. இதை வைத்துக்கொண்டா ‘அன்பு செலுத்துவோம்’ என்று எழுதினீர்கள்?

விதியை அந்த எட்டு வீட்டுக்காரர்கள் எழுதட்டும். முதல் வரிசைக்காரர்கள் திருத்தட்டும். காரணத்தை ஒரே வரியில் சொல்லவேண்டும். அந்த வரி ‘எங்கள் வேதத்தில்’ என்று தொடங்கக் கூடாது. வேதத்தில் இல்லை என்பதற்காக அல்ல, அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த வேதம் இல்லை என்பதற்காக. யார் கண்காணிப்பது, முதல் தவறுக்கு என்ன, மூன்றாம் தவறுக்கு என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். முதல் தவறுக்கு அபராதம் வேண்டாம், செயலர் நேரில் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் போதும். அந்தக் காபிக்கு எவ்வளவு கூசுவார்கள் என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை விதியை மாற்ற வழி வையுங்கள். மாற்ற முடியாத விதியை எழுதினால் நீங்களும் ஒரு வேதம் எழுதியவர் ஆகிவிடுவீர்கள்.

இன்னொன்று. 46 வீடு என்று எண்ணினீர்களே, பாத்திரம் துலக்க வருகிற அம்மாக்களையும் இரவுக் காவலரையும் எண்ணினீர்களா? அவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள்? உங்கள் குடியிருப்பின் உண்மையான கடைமடை அதுதான்.

கேள்வி: புதிதாக எதற்கு எழுதவேண்டும்? திருக்குறள் இருக்கிறதே. கடலுக்குள் சிலையே வைத்திருக்கிறோம்.
வாசகர், கன்னியாகுமரி

பதில்: 2000 ஜனவரி 1 அன்று அந்தச் சிலையைத் திறந்தார்கள். மொத்த உயரம் 133 அடி, அதிகாரங்களின் எண்ணிக்கை. பீடம் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்கள். அதன்மேல் 95 அடிச் சிலை, பொருளும் இன்பமும். அறத்தின்மேல் மற்ற இரண்டும் நிற்பதாகக் கணக்கு. எனக்கு அந்தக் கணக்கில் மனத்தாங்கல் இல்லை.

ஆனால் குறளை எல்லோரும் சொந்தம் கொண்டாடுகிறார்களே தவிர, எல்லோரும் முழுவதுமாக எடுத்துக்கொள்வதில்லை. ‘கடவுள் வாழ்த்து’ வேண்டாம் என்கிறார் பகுத்தறிவாளர். ‘புலால் மறுத்தல்’ வேண்டாம் என்கிறது நெய்மீன் வாங்கிய வீடு. என் மனைவி 91-ஆம் அதிகாரத்தைக் காட்டினார். ‘பெண்வழிச் சேறல்’, மனைவி பேச்சைக் கேட்கிறவனைப் பழிப்பது. ‘இதுவும் பொது அறமா?’ என்றார். ‘அது பொருட்பால், பீடத்தில் இல்லை, மேலே சிலையில்தான் இருக்கிறது’ என்றேன். அன்று இரவுச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாக வந்தது.

எடுக்கவேண்டியதை எடுத்து, விடவேண்டியதை விடுகிறோம் அல்லவா, அப்படி எடுக்கிற கை நம்முடையது. அந்தக் கையைப் பற்றித்தான் இந்த மாதம் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறேன். படகில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், இப்போது விவேகானந்தர் பாறையிலிருந்து கண்ணாடிப் பாலமும் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் கடற்கரைக்காரர்கள். எவன் வள்ளம் கவிழ்ந்தாலும் வலையை அறுத்துவிட்டுப் போய் ஆளைத் தூக்கவேண்டும் என்பது எங்களிடையே விதி. ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை. இதெல்லாம் எங்கள் மாதா கோயில் மணிக்குக் கட்டுப்பட்டதால்தான் நிற்கிறது. மணியை எடுத்துவிட்டால் நிற்குமா?
வாசகர், குளச்சல் அருகே

பதில்: நல்ல கேள்வி. மூன்று விதிகளைப் பிரித்துப் பார்க்கலாம் (மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, நான் சேர்க்கிறேன்).

ஆளைத் தூக்குவது மணியால் வந்ததல்ல. ராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் வேறு சாமி கும்பிடுகிற மீனவரும் இதையே செய்கிறார்கள். நடுக்கடலில் கவிழ்ந்தவன் யார் என்று கிட்டே போனால்தான் தெரியும். கிட்டே போனபின் கேட்டு என்ன பயன்? நாளைக்கு உங்கள் வள்ளமும் கவிழலாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது அதை உங்களைவிட யார் நன்றாக அறிவார்கள்? 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்களே, அங்கே மூழ்கிய வீட்டுக்காரர் இவர்களைக் காப்பாற்றக் கடலுக்கு வரப்போவதில்லை. அப்படியும் போனார்கள். முன்பு தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரர் தேவை என்றேனே, அந்தக் கணக்குக்குள் இது அடங்கவில்லை. அடங்காதது நல்லதுதான்.

ஞாயிறு ஓய்வு மணியால் வந்தது. சந்தேகமில்லை. ஆனால் பங்குச் சாமியார் அதற்கு ஒரு காரணம் சொல்வார், உங்கள் வீட்டம்மா வேறு காரணம் சொல்வார்: வலை உலரவும் முதுகு நிமிரவும் பிள்ளைகள் அப்பன் முகத்தைப் பார்க்கவும் ஒரு நாள் வேண்டும். ஒரே விதிக்கு இரண்டு காரணம் இருந்தால் ஒன்று அறுந்தாலும் விதி தொங்கிக்கொண்டு நிற்கும்.

மூன்றாவது, மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் விடுமுறை. சின்னமுட்டத்துக்கு ஒன்று, குளச்சலுக்கு மற்றொன்று. ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலமும் வருகிற பெருமை நமக்குண்டு. இதற்கு மணியும் இல்லை, பாங்கும் இல்லை. மீன் முட்டையிட வேண்டும் என்ற ஒரே காரணம். முணுமுணுத்துக்கொண்டாவது கரையில் கட்டிப் போடுகிறார்கள்.

கேள்வி: ஆயிரம் ஆண்டுக் கோயில் வாசலில் வாழ்கிறேன். தெய்வபயம் இருந்த காலத்தில் ஒழுக்கம் இருந்தது. வயதான காலத்தில் நீங்கள் அதையும் கெடுக்கிறீர்கள்.
கோபத்துடன், சுசீந்திரம்

பதில்: பயத்தைப் பற்றிப் பேச உங்கள் ஊரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ‘சுசீந்திரம் கைமுக்கு’ கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி, கோயிலில் கொதிக்கிற நெய்யில் கையை விட்டு, உள்ளே கிடப்பதை எடுக்கவேண்டும். கையைத் துணியால் கட்டி வைத்துச் சில நாள் கழித்து அவிழ்ப்பார்கள். புண் இருந்தால் குற்றவாளி, இல்லாவிட்டால் யோக்கியன். தெய்வபயத்தை இதற்குமேல் காய்ச்ச முடியாது. ஆனாலும் அந்தக் காலத்தவரே ஒரு கட்டத்தில் இதைத் தாங்க முடியாமல், 19-ஆம் நூற்றாண்டில், திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் ஆண்டபோது நிறுத்தினார்கள். நெய்க்கு ஆள் தெரியாது, சூடுதான் தெரியும் என்பதை எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. மனிதர்கள் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

அதே மண்ணில், ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை போட 1859 வரை போராடவேண்டியிருந்தது. எல்லாச் சாதியாரும் கோயிலுக்குள் நுழைய 1936 நவம்பர் 12 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. மறுத்தவர்கள் பக்தியில்லாதவர்களா? நித்தமும் குளித்துக் கும்பிட்டவர்கள்தான்.

உடனே நாத்திக நண்பர்கள் கைதட்ட வேண்டாம். அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் (1809–1851) சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க வைத்தபோது, அதைச் சாமியின் பெயரால்தான் செய்தார். வேறு எந்தப் பெயரால் செய்திருந்தாலும் அந்தக் காலத்தில் ஆள் சேர்ந்திருக்காது. அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

1982-இல் மண்டைக்காட்டில் இந்து, கிறிஸ்தவர் கலவரமாகப் பற்றிய தீ கடற்கரையெங்கும் பரவியதைப் பார்த்தவன் நான். மாலைக்குள் வீடு திரும்பாத ஆளைத் தேடிப் பெண்கள் தெருமுனையில் நின்றது இன்றும் கண்ணில் நிற்கிறது. 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்து குளச்சலையும் மணக்குடியையும் அடித்துப் போட்டபோது, அன்று கடற்கரையோடு மோதிய உள்நாட்டு ஊர்களிலிருந்தே சோற்று அண்டாக்கள் கடற்கரைக்குப் போயின. மணக்குடியில் பாலமே உடைந்துபோனதால் சுற்றிக்கொண்டு போனார்கள். இருபத்திரண்டு ஆண்டு இடைவெளி. மனிதர்கள் அவர்களேதான், சாமிகளும் அவையேதான். சாமியை வைத்து முதலாவதையும் விளக்க முடியாது, இரண்டாவதையும் விளக்க முடியாது.

மார்கழித் தேருக்கு வருகிறேன். மிச்சத்தை நேரில் திட்டுங்கள்.

கேள்வி: எதற்கு இவ்வளவு சுற்று? அரசியல் சாசனமும் சட்டமும் போதாதா? நமக்கு மதச்சார்பற்ற அறம் அதுதானே?
பகுத்தறிவாளர், குழித்துறை

பதில்: சாசனத்தின் 51அ பிரிவில், 1976-இல் சேர்த்த அடிப்படைக் கடமைகளில், அறிவியல் மனப்பான்மையும் மனிதநேயமும் வளர்க்கவேண்டும் என்றே இருக்கிறது. எனக்கும் பெருமைதான். ஆனால் கால்வாய் ஷட்டருக்குச் சட்டமும் உண்டு, பூட்டும் உண்டு. நள்ளிரவு இரண்டு மணிக்குச் சட்டம் தூங்கிக்கொண்டிருக்கும், பூட்டின் சாவி ஒரு மனிதன் இடுப்பில் இருக்கும். அந்த மனிதனைப் பற்றி அடுத்த கடிதக்காரர் கேட்டிருக்கிறார்.

கேள்வி: ஊருக்கெல்லாம் சொல்கிறீர்களே, 32 ஆண்டில் நீங்கள் ஒருமுறையாவது தவறியதுண்டா? மழுப்பாமல் சொல்லவும்.
கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: உண்டு. 1987, தை மாதம். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) பால் பிடிக்கிற நேரம், அணையில் தண்ணீர் குறைவு. கிளைக்கு மூன்று நாள் என்று முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தோம். என் அக்காவின் கணவருக்குத் தலைமடையில் ஒன்றரை ஏக்கர். முந்தைய ஆண்டு என் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டவர் அவர். ‘மாப்பிள்ளை, ஒரே ஒரு ராத்திரி’ என்றார். அக்கா அடுக்களை வாசலில் நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

அன்று இரவு முறை கடைமடைக்கு. பன்னிரண்டு மணிக்குப் போய் அத்தானின் மடையை நான்கு சுற்றுத் திறந்தேன். விடியுமுன் அடைத்தேன். காலையில் வழக்கம்போலக் கோயிலில் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டேன். சாமி என்னை ஒன்றும் கேட்கவில்லை.

நாலாம் நாள் கடைமடையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நாற்பது சென்ட் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) எடுத்துப் பயிர் வைத்தவர். ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். மனைவி ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். பாதியைக் குடித்தார். மீதியைக் கீழே கொட்டாமல், எழுந்து போய் முற்றத்து ஓரம் நின்ற முருங்கைக்கு ஊற்றிவிட்டு வந்து செம்பைக் கொடுத்தார். ‘மகளுக்கு இருமல் நின்றதா?’ என்று கேட்டார். நின்றது என்றேன். ‘வெயில் ஏறும் முன் போகிறேன்’ என்று போய்விட்டார். அந்தப் பூவில் அவர் வயலில் பாதிக்குமேல் பதர்.

அடுத்த கன்னிப்பூ அறுப்புவரை எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. அறுப்பு நாளில் போனேன். கதிர்க்கட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தலை நிமிராமல், ‘தெரியும் மக்களே’ என்றார். ‘அன்று ராத்திரி தண்ணீர் வரவில்லையே என்று வாய்க்கால் ஓரமாகவே நடந்து மேலே வந்தேன். மடையடியில் நீ நின்றாய். திரும்பிப் போய்விட்டேன்.’

அப்புறம் கட்டை முறுக்கி இறுக்கிவிட்டு, ‘இனிமேல் முறையைக் கீழேயிருந்து தொடங்கு’ என்றார்.

அடுத்த கும்பப்பூவிலிருந்து, என் கையில் சாவி இருந்தவரை, முறை கடைமடையிலிருந்துதான் தொடங்கியது. அத்தான் இரண்டு ஆண்டு என் வீட்டுப் படி ஏறவில்லை. அக்கா மட்டும், தீயல் குழம்பு வைக்கிற நாளில் ஒரு பாத்திரம் கொடுத்தனுப்புவாள்.